ஊரின் பெயரில் ஒரு சங்கம், புலவரின் பெயரில் ஒரு பள்ளி

தமிழர் தம் ஊரைப் பெயரிலேயே சுமந்து திரிந்தவர்கள். சங்கப் புலவர்களின் பெயர்ப் பட்டியலைப் புரட்டினால் மதுரையும் உறையூரும் காவிரிப்பூம்பட்டினமும் புலவர் பெயர்களுக்கு முன்னே நிற்பதைக் காணலாம். ஊர் என்னும் எல்லையையே கடந்து நின்று பாடிய கணியன் பூங்குன்றனாரின் பெயரிலும் பூங்குன்றம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைய சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டியே அந்தப் பூங்குன்றம் என்பர் அறிஞர். ஊரைக் கடப்பதும் ஊரைச் சுமப்பதும் ஒரே மனிதரிடத்தில் கூடியிருக்க இயலும் என்பதற்கு இதனினும் பழைய சான்று நமக்கு வேண்டுவதில்லை.

கடல் கடந்து சென்ற தமிழர் ஒன்றுகூடி அமைப்புகளை நிறுவியதும் புதிய செய்தியன்று. சுமத்திராவின் மேற்குக் கரையில் பாரூசுக்கு அருகே லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த, கி.பி. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைக் குறிப்பிடுகிறது. ஆனால் அது வணிகத்தால் இணைந்தவர்களின் கூட்டம். மூலதனம் உடையவர்களின் கூட்டம் என்றும் சொல்லலாம். கையில் காசில்லாமல், உடல் உழைப்பை நம்பிக் கப்பலேறிய எளிய மக்கள் தம் ஊரின் பெயரால் ஒன்றுகூடிய வரலாறு வேறு. அதற்குக் கல்வெட்டுகள் இல்லை. இக்கட்டுரையில் நாம் காணவிருப்பது அத்தகையதொரு வரலாற்றையே.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் கடையநல்லூர். முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. கைத்தறி நெசவும் உழவும் இவ்வூர் முஸ்லிம்களின் தொழில்கள். தறி ஓய்ந்தாலும் மழை பொய்த்தாலும் அடுப்பு எரியாத நிலையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் இவர்கள் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் பெயரத் தொடங்கினர்.

இவர்களுடைய பெயர்ச்சியில் ஒரு தனித்தன்மை உண்டு. அக்காலத்தில் சிங்கப்பூர் சென்ற தமிழ் ஆடவர் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியே சென்றனர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் திரும்பினர். கடையநல்லூர், தென்காசி மக்களோ குடும்பத்தோடு சென்று குடியேறினர். துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகார் வட்டாரம் அவர்களுடைய இருப்பிடமாயிற்று. ஆடவர் துறைமுகத்திலும் சிறுவணிகத்திலும் உழைத்தனர். பெண்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கவில்லை. மசாலா அரைத்துச் சந்தையில் விற்றனர். அம்மியும் குழவியும் ஒரு குடியேற்றத்தின் முதலீடாக இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

குடும்பங்கள் வந்துவிட்டால் தேவைகளும் கூடவே வந்துவிடுகின்றன. தனியாள் நோயுற்றால் கப்பலேறி ஊர் திரும்பலாம். குடும்பத்துக்குத் திருமணம் நடத்த வேண்டும். இறந்தவரை அடக்கம் செய்ய வேண்டும். பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும். இத்தகைய தேவைகளே ஊர்ச் சங்கங்களை ஈன்றன. தென்காசியாருக்கும் குமரி மாவட்டத்துத் திருவிதாங்கோட்டாருக்கும் சிங்கப்பூரில் தனித்தனிச் சங்கங்கள் உருவாயின. கடையநல்லூரார் 1941ஆம் ஆண்டில் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் அமைப்பைத் தொடங்கினர்.

தொடங்கிய காலமோ பொல்லாத காலம். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஊருக்குக் கடிதமும் பணமும் போய்வந்த வழி அடைபட்டது. 1945 செப்டம்பரில்தான் அந்த இருள் விலகிற்று. பட்டினியிலிருந்து மீண்ட ஓர் எளிய சமூகம் முதலில் எதைக் கட்டியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மறு ஆண்டே, அதாவது 1946இல், அவர்கள் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர்.

அப்பள்ளிக்கு அவர்கள் சூட்டிய பெயரை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். சங்கத்துக்கு ஊரின் பெயரை வைத்தவர்கள் பள்ளிக்கு அவ்வாறு செய்யவில்லை. உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி என்றே பெயரிட்டனர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் கடையநல்லூர்க்காரர் அல்லர். எட்டயபுரத்தில் அவைப் புலவராக விளங்கியவர். இசுலாமியர் அவரைத் தம் மார்க்கத்தின் பெருங்காப்பியப் புலவராகக் கொள்வர். தமிழ் கற்ற எவரும் அவரைத் தம் புலவராகவே கொள்வர். சமயம், மொழி ஆகிய இரண்டு வாயில்களும் திறந்திருக்கும் ஒரு பெயரை அம்மக்கள் தேர்ந்தனர். 1960இல் அப்பள்ளி உயர்நிலைக் கல்விக்கும் விரிந்து, சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக விளங்கிற்று. ஒரு சிற்றூரின் பெயரால் கூடியவர்கள் ஒரு நாட்டின் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினர் என்பது சிறிய செய்தியன்று.

இதே நகரில் சீனரும் ஊர்வழிச் சங்கங்களை நடத்தினர். அவற்றுள் பெரியது, புஜியன் மாநிலத்தாரின் ஹொக்கியன் சங்கம். 1906இல் தாவ் நான் பள்ளியைத் தோற்றுவித்தவர்கள் அவர்களே. நன்யாங் பல்கலைக்கழகம் உருவானபோது நிலம் வழங்கியதும் அச்சங்கமே. பெருவணிகர் முதல் ரிக்சா ஓட்டுநர் வரை அப்பல்கலைக்கழகத்துக்குப் பொருளுதவி செய்தனர். செல்வ வளத்தில் கடையநல்லூராரை அவர்களோடு ஒப்பிடவே இயலாது. ஆயினும் இருவர் கண்ட கனவும் ஒன்றே. தாய்மொழியில் பிள்ளைகள் கற்க வேண்டும். அதற்கு அரசை எதிர்பார்த்து நில்லாமல் நாமே கட்ட வேண்டும் என்பதே அது.

இரு கனவுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் முடிவுக்கு வந்தன. 1965இல் தனி நாடான சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக நிலைபெற்றது. ஆனால் வேலைக்கும் உயர்கல்விக்கும் வழிவிட்ட மொழி ஆங்கிலமே. பெற்றோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பினர். 1971இல் பிரித்தானியப் படைகள் வெளியேறியபோது, படைத்தளங்களில் பணியாற்றிய தமிழர் பலர் வேலையிழந்து தாயகம் திரும்பினர். அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழ எழ, ஒரே வட்டாரத்தில் நெருங்கி வாழ்ந்த மக்கள் தீவெங்கும் சிதறினர். 1980இல் நன்யாங் பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. 1982இல் மாணவர் எண்ணிக்கை குன்றிய நிலையில் உமறுப் புலவர் பள்ளியும் மூடப்பட்டது. அதன் பெயர் மட்டும் மறையவில்லை. மறு ஆண்டு அமைந்த தமிழ்மொழிக் கல்வி நிலையம் உமறுப் புலவரின் பெயரைத் தாங்கிற்று.

பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரைக் குறைகூறும் எண்ணம் நமக்கில்லை. மசாலா அரைத்துக் காய்த்த கைகள், தம் மகள் அலுவலகத்தில் அமர வேண்டும் என்று விரும்பியதில் என்ன பிழை? மொழியின் மீதுள்ள பற்றைப் பசியுள்ளவரிடம் மட்டுமே எதிர்பார்ப்பது நேர்மையாகாது.

இவ்விடத்தில் அன்பர் சிலர் கேட்கக்கூடிய ஒரு கேள்வியும் உண்டு. ஊர்ச் சங்கம் என்பதே குறுகிய மனத்தின் வெளிப்பாடு அல்லவா? இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்தே பேசிப் பழகிய நாடு நம் நாடு. ஊர்க் கூட்டம் என்ற பெயரில் சாதிக் கூட்டம் நடந்த இடங்கள் எண்ணற்றவை. ஊர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நெஞ்சு நெகிழ்கிறவர், அச்சொல்லுக்குள் யாரெல்லாம் அனுமதிக்கப்பட்டனர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கடையநல்லூரார் சங்கமும் ஓர் ஊரார், ஒரு சமயத்தார் என்ற வரம்புக்குள் பிறந்ததுதான். அவ்வரம்பை அது தாண்டிய இடம் அப்பள்ளியின் வாயில். அதனாலேயே அவ்வூருக்குத் தொடர்பில்லாத நாமும் இன்று அதனைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பிரிந்து வாழும் ஊராரைத் தேடிச் சேர்ப்பது இன்று அரிய செயலன்று. கைப்பேசியில் ஒரு மாலைப்பொழுதில் நூறு பேரைக் கூட்டிவிடலாம். கோயில் கொடையின் படங்களும் குளத்தின் படங்களும் பகிரப்படுகின்றன. பழைய பட்டப்பெயர்கள் நினைவுகூரப்படுகின்றன. அதில் இன்பம் உண்டு, மறுப்பதற்கில்லை. கூடிய பின் யாது செய்தோம் என்ற வினாவே எஞ்சி நிற்கிறது. ஊரில் மூடும் நிலையில் இருக்கும் தொடக்கப் பள்ளியை அந்த நூறு பேர் நினைத்தால் காக்க இயலாதா?

இன்னொரு கடமையும் உண்டு. ஊர்ச் சங்கங்களின் ஆண்டு மலர்களும் கணக்கேடுகளும் பழைய கடிதங்களும் பலருடைய பரண்களில் கிடந்து செல்லரிக்கின்றன. மலர்களிலும்கூடத் தலைவர், செயலாளர் பெயர்களே பெரும்பாலும் இடம்பெறும். சந்தையில் அம்மி முன் அமர்ந்திருந்த பெண்களின் உழைப்பு எந்த ஏட்டில் பதிவாகியிருக்கும்? அவர்களைக் கண்டவர்கள் இன்று முதியவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைக்க நமக்குக் கிடைத்துள்ள காலம் குறைவு. தத்தம் ஊரின் இத்தகைய வரலாற்றை அன்பர்கள் தேடித் தொகுக்க முன்வர வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.