ஆமைப்பாறையும் ரிஷிகேசத் தெருவும்: மரண அனுபவமும் கிறித்தவத் தெளிந்து தேர்தலும்

ரமணரின் மரண அனுபவம் என்றால் 1896 ஜூலையில் மதுரை வீட்டு மாடியில் நடந்ததையே எல்லோரும் சொல்வர். அன்று, பின்னாளில் ரமணர் ஆன பதினாறு வயது வேங்கடராமனுக்கு நோய் எதுவும் இல்லை. திடீரென்று சாவுபயம் பிடித்தது. பிணம்போல் நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, சாவது யார் என்று விசாரித்தார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார். அந்த அனுபவத்தைப் பற்றி நாம் இன்று படிக்கும் விவரிப்பு, நரசிம்ம சுவாமி 1931இல் வெளியிட்ட வரலாற்று நூலில் தொகுத்து எழுதியது.

உடல் உண்மையிலேயே சாவின் விளிம்புக்குப் போனது 1912இல். பச்சையம்மன் கோயிலிலிருந்து விரூபாட்சக் குகைக்குத் திரும்புகையில், ஆமைப்பாறை அருகே அவர் கண்முன் வெள்ளைத் திரை விழுந்தது. மூச்சும் இரத்த ஓட்டமும் நின்றன. உடல் நீலம் பாரித்தது. உடனிருந்த வாசுதேவ சாஸ்திரி இறந்துவிட்டாரென்றே கட்டிக்கொண்டு அழுதார். கால் மணி நேரத்துக்குள் உயிரோட்டம் திரும்பியது. ரமணர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. எப்போதாவது தமக்கு வருவதுதான் என்றார்.

இத்தகைய அனுபவங்களை எடைபோடக் கிறித்தவத்தில் ‘தெளிந்து தேர்தல்’ எனப்படும் பழைய அளவுகோல்கள் உண்டு. ஆவிகளைச் சோதித்தறியச் சொல்கிறது யோவானின் முதல் திருமுகம். கடவுளிடமிருந்தே வந்தாலும் காட்சியைப் பற்றிக்கொள்ளாதே என்றார் ஸ்பானிய மறைஞானி சிலுவை அருளப்பர். என் கணிப்பில் கூர்மையானது இயேசு சபை நிறுவுநர் இஞ்ஞாசியாரின் விதி: காரணமின்றி வரும் ஆறுதல் இறைவனுடையதே, ஆனால் அது தணிந்தபின் மனம் தானாகக் கோக்கும் எண்ணங்களைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். 1896இன் அனுபவத்துக்கும் 1931இன் விவரிப்புக்கும் இடையிலுள்ள தொலைவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கருவி இல்லை.

ஆனால் ஐரோப்பிய அறிஞர்கள் வேறு வழியில் போனார்கள். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஜாக் மரித்தேன் 1938இல் இந்திய யோகியரின் அனுபவத்தை ‘இயற்கை மறைஞானம்’ என வகைப்படுத்தினார். அருளால் வருவதன்று, ஆன்மா தன் இருப்பையே தொடுவது என்பது அவர் வாதம். மதிப்பான வகைதான், ஆயினும் திருவண்ணாமலையின் அருணாசல மலையடிவாரத்துக்கு வராமல் போட்ட கோடு.

நேரில் வந்து பார்த்தவர்களும் உண்டு. 1949 ஜனவரியில் பிரெஞ்சுக் குரு ஷூல் மோன்ஷனனும் பெனடிக்ட் சபைத் துறவி ஆன்றி லெ சோவும் ரமணரைத் தரிசித்தனர். லெ சோ அங்கே காய்ச்சலில் விழுந்தார். கண்டதைப் பழைய இறையியல் சட்டகத்துக்குள் அடைக்கக் கனவிலும் முயன்று தோற்றதாகப் பின்னர் எழுதினார். 1950இல் இருவரும் குளித்தலையருகே சாந்திவனம் தொடங்கினர். அபிஷிக்தானந்தர் என்ற பெயரேற்ற லெ சோ, 1952 முதல் அருணாசலக் குகைகளுக்கு வந்து தங்கினார். மோன்ஷனனோ அத்வைதத்துக்கும் திரித்துவத்துக்கும் இடையே பிளவைக் கண்டு எச்சரிக்கையானார். இருவரும் வேறுபட்டது அனுபவத்தின் உண்மையில் அல்ல, அதற்குத் தரும் விளக்கத்தில்.

1973 ஜூலை 14 அன்று ரிஷிகேசத்தில் பேருந்தைப் பிடிக்க ஓடிய அபிஷிக்தானந்தருக்கு மாரடைப்பு. தெருவோரம் கிடந்த அந்நேரத்தை, உயிருக்கும் சாவுக்கும் அப்பாற்பட்ட விழிப்பு என்றே கடிதங்களிலும் நாட்குறிப்பிலும் எழுதினார். மேலுலகக் காட்சி என்று சொல்லவில்லை. இயேசு இறுதி விருந்தில் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் ‘திருக்கிண்ணம்’ கிடைத்தது என்ற பழங்கதை உருவகமும் வந்தது. அதைத்தான் இஞ்ஞாசியாரின் விதிப்படி பிரித்தெடுக்க வேண்டும்: விழிப்பு ஒன்று, கிண்ணம் வேறொன்று.

ரேமண்ட் மூடியின் 1975 நூலுக்குப் பிறகு, சுரங்கப்பாதையும் ஒளியும் கொண்ட மரணவிளிம்பு அனுபவங்களோடு ரமணரை ஒப்பிடுவது வழக்கமாயிற்று. ஒப்பிடுவோர், உடலுக்கு நோயே இல்லாத மதுரை மாடியை விட்டுவிட்டு ஆமைப்பாறையிலிருந்து தொடங்குவதே முறை.