கீழே கிடந்த மான் கொம்பை எடுத்தால் ஜெயிலா? கிண்டி பக்கம் வாக்கிங் போறவங்க தெரிஞ்சிக்க வேண்டிய 48 மணி நேர விதி

ஆதம்பாக்கத்தில் இருந்து வேளச்சேரி மெயின் ரோட்டைப் பிடித்தால், கொஞ்ச நேரத்தில் கிண்டி தேசியப் பூங்காவின் சுவர் வந்துவிடும். அதை ஒட்டி ஐஐடி வளாகம், மறுபக்கம் ஆளுநர் மாளிகை. மூன்று இடத்திலும் புள்ளிமான்கள் உண்டு. சில நேரம் சுவரைத் தாண்டி ரோட்டுக்கே வந்து நிற்கும்.

இந்தப் பகுதியில் காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு வாக்கிங் போகும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். புதரில் மூக்கை நுழைத்த நாய், வாயில் ஒரு மான் கொம்பைக் கவ்விக்கொண்டு வருகிறது. ரத்தம் இல்லை, சதை இல்லை. காய்ந்து போன, தானாக விழுந்த கொம்பு. யாரும் மானைக் கொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் ஷோகேஸில் வைத்தால் என்ன தப்பு?

சட்டப்படி தப்புதான். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். இதே காரியம் அமெரிக்காவில் குடும்பத்தோடு போய் செய்யும் பொழுதுபோக்கு. அங்கே கொம்பு தேடுவதற்கென்றே நாய்களைப் பழக்குகிறார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு ஊரில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

மான் கொம்பு ஏன் விழுகிறது?

தமிழில் எல்லாமே 'கொம்பு'தான். மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு. ஆனால் கிண்டியிலேயே இரண்டு வகை இருக்கிறது. வெளிமானின் முறுக்குக் கொம்பு மாட்டுக் கொம்பு மாதிரி. உள்ளே எலும்பு, மேலே நகம் போன்ற உறை. அது வாழ்நாள் முழுக்க இருக்கும், விழாது. புள்ளிமானின் கிளைக் கொம்பு அப்படி இல்லை. அது முழுக்க முழுக்க எலும்பு. ஆண் மானுக்கு மட்டும்தான் வளரும். வருஷத்துக்கு ஒரு தடவை விழுந்து, மறுபடி முளைக்கும்.

ஆண் மானின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் குறையும்போது, கொம்பு மண்டையோடு சேரும் இடத்தில் உள்ள எலும்பைச் சில செல்கள் அரிக்க ஆரம்பிக்கும். பிடிமானம் போனதும் கொம்பு கழன்று விழும். ஒரு பக்கம் இன்று விழுந்தால், இன்னொரு பக்கம் சில மணி நேரத்திலோ சில நாளிலோ விழும். அதனால்தான் காட்டில் ஜோடியாகக் கிடைப்பது அபூர்வம். பிறகு புதுக் கொம்பு மென்மையான தோல் போர்த்தி முளைக்கும். விலங்குகளின் உடலில் மிக வேகமாக வளரும் எலும்புகளில் இதுவும் ஒன்று. தேவைப்படும் கால்சியத்தில் ஒரு பங்கை மான் தன் விலா எலும்பில் இருந்தே எடுத்துக்கொள்கிறது. வளர்ந்து முடிந்ததும் மேல்தோல் காய்ந்துவிடும், மான் மரத்தில் உரசி அதை உரித்துவிடும்.

குளிர் நாடுகளில் எல்லா மானும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் கொம்பை உதிர்க்கும். நம்ம ஊர் புள்ளிமான் அப்படி ஒரே சீசனில் உதிர்ப்பதில்லை. ஒவ்வொரு ஆணுக்கும் ஒவ்வொரு கணக்கு. ஆகவே எந்த மாதத்திலும் கிண்டியில் ஏதாவது ஒரு கொம்பு தரையில் கிடக்க வாய்ப்பு உண்டு.

விழுந்த கொம்பு குப்பையும் இல்லை. அது கால்சியமும் பாஸ்பரசும் நிறைந்த எலும்பு. காடுகளில் முள்ளம்பன்றியும் எலிகளும் இதைக் கொறித்துத் தின்னும். மான்களே கூட கொம்பை மெல்லுவது உண்டு. மிச்சம் மண்ணுக்குப் போகும். கிண்டி பூங்காவின் மொத்தப் பரப்பே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். சுற்றிலும் நகரம் அடைத்து நிற்கும் இப்படி ஒரு சின்னக் காட்டில், உள்ளே இருக்கும் சத்து உள்ளேயே சுற்றினால்தான் உண்டு.

அமெரிக்காவில் எப்படி நடக்கிறது?

அங்கே மலை மாநிலங்களில் பனி உருகும் வசந்த காலம் கொம்பு தேடும் சீசன். வெயில் நன்றாக விழும் தெற்குச் சரிவுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் மான்கள், எல்க்குகள் அங்கேயே கொம்பை விட்டுவிட்டுப் போகும். கண்ணால் தேடுவதைவிட நாய் வேகம். லாப்ரடார் போன்ற நாய்களுக்கு முதலில் வீட்டில் கொம்பைப் போட்டு எடுத்துவரப் பழக்கி, பிறகு புல்லில் ஒளித்துவைத்து, கடைசியில் மலைக்குக் கூட்டிப்போவார்கள். கிடைத்த கொம்பு விளக்கு ஆகும், கத்திப் பிடி ஆகும், நாய் கடிக்கும் எலும்பாகவும் கடைக்குப் போகும். வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் ஊரில், அருகில் உள்ள எல்க் சரணாலயத்தில் சாரணர் சிறுவர்கள் கொம்பு பொறுக்கி ஆண்டுதோறும் பொது ஏலம் விடுகிறார்கள். அந்தப் பணத்தின் பெரும்பங்கு சரணாலயத்துக்கே போகிறது.

கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. பனிக்காலத்தில் மான் பட்டினியும் பலவீனமுமாக இருக்கும். கொம்பு ஆசையில் ஆளும் நாயும் துரத்தினால் ஓடி ஓடியே செத்துவிடும். அதனால் வயோமிங்கின் மேற்குப் பகுதி அரசு நிலங்களில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை கொம்பு எடுக்கத் தடை. மே 1 அன்று கார்கள் வரிசை கட்டி நிற்கும்.

கொம்பு தேடும் மலையிலேயே குளிர்காலத்தில் நடப்பது இன்னொரு வேட்டை. பூமா என்னும் மலைச்சிங்கத்தை நாய்களை வைத்துத் தேடுவது. பெயரில் சிங்கம் இருந்தாலும் அது சிங்கமோ புலியோ இல்லை, வேறு வகைப் பெரும்பூனை. முக்கிய உணவு மான். புதுப்பனியில் கால்தடம் கிடைத்ததும் மோப்ப வேட்டை நாய்களை அவிழ்த்துவிடுவார்கள். பூமா வேகமாக ஓடும், ஆனால் ரொம்ப நேரம் ஓட மூச்சு தாங்காது. நினைத்தால் ஒரு நாயை அடித்தே கொல்லும் பலம் இருந்தும், பெரும்பாலும் மரத்தில் ஏறிக்கொள்ளும். கீழே நாய்கள் குரைத்துக்கொண்டே நிற்க, ஜிபிஎஸ் கழுத்துப்பட்டையைப் பார்த்து ஆள் வந்து சேருவார்.

வந்து சேருகிறவர் எப்போதும் வேட்டைக்காரர் என்று சொல்ல முடியாது. விஞ்ஞானிகளும் இதே வழியில்தான் பூமாவைப் பிடிக்கிறார்கள். மயக்க ஊசி போட்டு, ரேடியோ பட்டை கட்டி, விட்டுவிடுவார்கள். புளோரிடாவில் அழியும் நிலைக்குப் போன பூமாக்களை 1981-ல் இருந்து இப்படித்தான் ஆய்வு செய்தார்கள். கலிபோர்னியாவில் பொழுதுபோக்குக்காக பூமாவை வேட்டையாடுவது 1990-ல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் தடை செய்யப்பட்டது. கொலராடோவில் அதே மாதிரி ஒரு தடைக்கு 2024-ல் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் நிராகரித்துவிட்டார்கள். சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை.

இங்கே சிறுத்தையை நாய் துரத்துமா?

வாய்ப்பே குறைவு. இங்கே துரத்துவது சிறுத்தைதான். மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில் நடந்த ஆய்வில், அங்குள்ள சிறுத்தைகள் தின்ற இரையின் எடையில் 39 சதவீதம் வீட்டு நாய்களும் தெரு நாய்களும்தான் என்று தெரியவந்தது. வால்பாறையிலோ நீலகிரியிலோ ராத்திரி நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்கும் வீட்டுக்காரருக்கு இதை ஆய்வு வந்து சொல்ல வேண்டியதில்லை.

அப்படியும் தமிழ்நாடு வனத்துறை பெரும்பூனையைத் தேட நாயைப் பயன்படுத்தியது உண்டு. 2021-ல் நீலகிரி மாவட்டம் மசினகுடி பகுதியில், நான்கு பேரின் மரணத்துக்குக் காரணம் எனக் கருதப்பட்ட டி23 புலியைத் தேடியபோது ட்ரோன், கேமரா, கும்கி யானையோடு மோப்ப நாய்களும் காட்டுக்குள் போயின. மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு அக்டோபர் 15 அன்று புலி உயிரோடு பிடிபட்டது. இங்கே நாயின் வேலை புலியை மரத்தில் ஏற்றுவது இல்லை. அது போன திசையைக் காட்டுவது மட்டுமே.

நாய்க்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 2008-ல் டிராஃபிக் அமைப்பு தொடங்கிய திட்டத்தில், குவாலியர் அருகே தேக்கன்பூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையத்தில் நாய்களைப் பழக்கி, பல மாநில வனத்துறைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். புலித்தோல், சிறுத்தைத்தோல், எலும்பு எனக் கடத்தல் சரக்கை மோப்பம் பிடிப்பது அவற்றின் வேலை. அமெரிக்காவில் கொம்பை எடுத்துவர நாய் பழகுகிறது. இங்கே அப்படி எடுத்தவரைப் பிடிக்க நாய் பழகுகிறது!

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் ஒரு காலத்தில் வேட்டைக்குப் பேர் போன நாய்கள்தான். இன்று அவற்றை ஒரு முயல் மேல் ஏவிவிட்டாலும் வழக்கு வரும். சட்டத்தில் 'வேட்டை' என்பதற்கு கொல்வது மட்டும் அர்த்தம் இல்லை. பிடிப்பது, விரட்டுவது, கண்ணி வைப்பது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே அதில் அடங்கும்.

சரி, சட்டம் சரியாக என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் விலங்கின் எந்தப் பாகத்துக்கும் பாதுகாப்பு உண்டு. கொம்பு, எலும்பு, பல், நகம், தோல் எல்லாம் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளன. பிரிவு 39-ன்படி இவை அரசின் சொத்து. தானாக விழுந்ததா, வெட்டியதா என்பது இதில் வித்தியாசம் இல்லை.

மயிலிறகு விஷயத்தில் சட்டம் வேறு மாதிரி. மயில் தானாக உதிர்க்கும் தோகைக்கு உள்நாட்டு விற்பனையில் விதிவிலக்கு உண்டு. முருகன் கோயில் வாசலில் மயிலிறகு வாங்கலாம், மான் கொம்பு வாங்க முடியாது. உதிர்ந்த மான் கொம்புக்கும் முன்பு வியாபாரம் இருந்தது, ஏற்றுமதியும் நடந்தது. 1990-களின் இறுதியில் அது நிறுத்தப்பட்டது.

காரணம் எளிது. முழுக் கொம்பாக இருந்தால் அடியைப் பார்த்தே சொல்லிவிடலாம். தானாக விழுந்ததில் சொரசொரப்பான வட்ட விளிம்போடு அடி உருண்டையாக முடியும். கொன்று எடுத்ததில் மண்டை எலும்பின் துண்டு ஒட்டியிருக்கும், அல்லது அறுத்த தடம் தெரியும். ஆனால் அதையே அறுத்து கத்திப் பிடியாகவோ, பொத்தானாகவோ, பொடியாகவோ ஆக்கிவிட்டால்? எந்த அதிகாரியாலும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. உதிர்ந்ததை விற்கலாம் என்று ஒரு வழி திறந்தால், கொன்று எடுத்ததும் அதே வழியில் சந்தைக்கு வந்துவிடும். கேட்க ஆளும் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் சிருங்கி பற்பம் என்பது மான் கொம்பைப் புடம் போட்டுச் செய்யும் மருந்து. சிலம்பக் கலையில் 'மான் கொம்பு' என்றே ஒரு ஆயுதம் உண்டு, பழைய காலத்தில் அது வெளிமான் கொம்பில் செய்தது. இப்போது உலோகத்தில் செய்து பயிற்சி எடுக்கிறார்கள்.

தாத்தா காலத்துக் கொம்பு வீட்டுச் சுவரில் இருந்தால்?

மயிலாப்பூர், அடையாறு பக்கம் பழைய வீடுகளில் இந்தக் கேள்வி நிஜமாகவே வரும். 2003-ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்து, கணக்கில் வராத இப்படிப்பட்ட பொருட்களை அறிவிக்க 180 நாள் அவகாசம் கொடுத்தது. உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று வீட்டுப் பத்திரங்களில் தேடிப் பார்ப்பது முதல் வேலை. சான்றிதழ் இருந்தாலும் விற்க முடியாது. 'பழங்காலப் பொருள்' என்று ஆன்லைனில் போட்டோ போட்டு விலை கேட்பதுதான் பலர் சிக்கிக்கொள்ளும் இடம். வைத்திருக்க விருப்பம் இல்லை என்றால், 2022 சட்டத் திருத்தத்தின்படி வனத்துறையிடம் தாமாகவே ஒப்படைக்கலாம். இழப்பீடு கிடையாது.

அப்போ, நாய் கொண்டுவந்த கொம்பை என்ன செய்வது?

கொம்பு கீழே கிடப்பதைப் பார்த்தால் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது. பூங்காவுக்கு உள்ளே என்றால் கேள்வியே இல்லை. தேசியப் பூங்காவில் இருந்து வன உயிர் சம்பந்தப்பட்ட எதையும் அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுவருவது தனிக் குற்றம். வெளியே, தெருவில், எப்படியோ கைக்கு வந்துவிட்டது என்றால் சட்டம் 48 மணி நேரம் தருகிறது. அதற்குள் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவித்து, கேட்டால் ஒப்படைக்க வேண்டும். ஆதம்பாக்கம்காரர்களுக்கு கிண்டி வனத்துறை அலுவலகமே பக்கம்.

கிடந்த இடத்தையும் கொம்பின் அடிப்பகுதியையும் போட்டோ எடுத்துக்கொண்டால் விளக்கம் சொல்ல உதவும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம். கொடுக்கும்போது தேதி, நேரம் போட்ட ஒப்புகைச் சீட்டை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிண்டியிலும் ஐஐடியிலும் சிறுத்தை, புலி கிடையாது. அங்கே மானைக் கடித்துக் கொல்வதாக அடிக்கடி புகார் வருவது நாய்கள் மேல்தான். கொம்போடு வந்த நாய், கொம்பு கிடந்த இடம் வரைக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த நாள் அந்தச் சுவர் ஓரமாகப் போகும்போது கயிற்றை அவிழ்க்காமல் இருப்பது மானுக்கும் நல்லது, நாய்க்காரருக்கும் நல்லது.