பச்சையப்பர் அறமும் பள்ளி மண்டபமும்

திருக்கோயிற்கென வைத்த பொருளின் ஒரு பகுதி பள்ளிக்கூடத்திற்குச் செல்லுதல் முறையாமோ என அன்பர் சிலர் வினவுவர். அவ்வினாவிற்குக் கல்லும் சுண்ணமுமாகிய விடையொன்று சென்னை நகரில் நிற்கின்றது. அதுவே பச்சையப்பன் மண்டபமாம்.

பச்சையப்ப முதலியார் 1754-ஆம் ஆண்டிற் பிறந்தார். துபாஷித் தொழிலாற் பெரும்பொருள் ஈட்டினார். சிதம்பரத்துக் கிழக்குக் கோபுரத் திருப்பணி இன்றும் அவர் பெயரோடு இணைத்தே பேசப்படுகின்றது. நாற்பதாண்டே வாழ்ந்து, 1794-இல் திருவையாற்றிற் சிவபதம் எய்தினார். காசி முதலிய தலங்களின் வழிபாட்டிற்கும் பிற தருமங்கட்கும் தம் பொருளை மரண சாசனத்தால் ஒதுக்கிவைத்தார்.

ஆயின் அப்பொருள் உடனே பயன்பட்டிலது. வழக்கிற் சிக்கி நெடுங்காலம் நீதிமன்றத்திற் கிடந்தது. கிடந்த காலத்து வட்டியால் வளர்ந்தது. இறுதியில், சாசனத்திற் குறித்த கோயிற் கட்டளைகட்கு வேண்டுவதை முதற்கண் ஒதுக்கி, எஞ்சியதைக் கல்விக்கு ஆக்குக என முடிவாயிற்று. இதற்கு முன்னின்று உழைத்தவர் அரசாங்க வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் துரை. 1842-இல் பள்ளி தொடங்கிற்று. 1846-இல் மண்டபத்திற்குக் கால்கோள் நிகழ்ந்தது. 1850-இல் அது திறக்கப்பெற்றது.

மண்டபத்தின் அமைப்பு நோக்கற்பாலது. கிரேக்க நாட்டு ஆதென்சு நகரில், தீசியஸ் கோயில் எனப் பெயர் வழங்கிய பழங்கோயிலை மாதிரியாகக் கொண்டது இது. முகப்பில் தூண்வரிசையும், அதன்மேல் முக்கோண முகடும் விளங்கும். அக்கோயிலோ தீசியஸ் என்னும் வீரனுக்குரியதன்று. கம்மியர் தெய்வமாகிய ஹெபைஸ்டஸுக்கு உரியது என்பது பின்னர்த் தெளிந்த உண்மை. அவ்வீரன் செயல்கள் ஆண்டுச் சிற்பமாக இருந்தமையாற் பெயர் மாறி வழங்கிற்று. கைத்தொழில் தெய்வத்தின் இல்லம் கல்விச்சாலைக்கு மாதிரியானது, கட்டினோர் அறியாமலே அமைந்த பொருத்தமாம்.

இன்னுமொரு வேறுபாடு உண்டு. கிரேக்கர் தம் பலிபீடத்தைக் கோயிலின் புறத்தே வைத்தனர். வழிபடுவோர் திரள் வெளியே நின்றது. ஈண்டோ அவ்வடிவின் உள்ளிடமே மாணாக்கர்க்கு ஆயிற்று.

எல்லா மாணாக்கர்க்கும் ஆயிற்றோ எனின், இல்லை. உண்மையை மறைத்தல் வரலாறாகாது. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகட்கு அக்கதவு நெடுநாள் அடைபட்டிருந்தது. இந்துக்கள் அல்லாதார்க்கு 1947 வரை இடமில்லை. 1889-இல் கல்லூரியாக உயர்ந்து, 1940-இல் அக்கல்லூரி சேத்துப்பட்டிற்கு இடம்பெயர்ந்த பின்னரும் இந்நியதி சிலகாலம் நின்றது. திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தியை விலகச்செய்த பெருமானின் அடியார் ஒருவர் வைத்த பொருளிலே எழுந்த வாயில், எளியோர்க்கு மூடிநின்றதை எண்ணுந்தோறும் நெஞ்சு வருந்தும்.

இனித் தொடக்கத்து வினாவிற்கு வருவாம். கோயிற்குரியதைக் குறைத்துப் பள்ளி எழுந்திலது. கோயிற்குரியதை நிறைத்த பின்னர் எஞ்சியதே பள்ளியாயிற்று. ஆதலின் முறைகேடு யாதும் இல்லை. குறை நேர்ந்தது பொருளைப் பகுத்த இடத்திலன்று. வாயிலிற் காவல் வைத்த இடத்திலேயாம். அறம் வைப்போரும் அதனை நடத்துவோரும் இவ்விரண்டனையும் பிரித்தறிவாராக. திருவருள் துணைநிற்க.