பாதத் தொய்வும் பெரோனியல் நரம்பும்: காரணங்களும் கண்டறியும் முறைகளும்

டொராண்டோவின் கிழக்கோரத்தில் ரூஜ் பகுதியில் வசிக்கிறேன். ஒரு குளிர்காலக் காலையில் வாசலில் குவிந்த பனியை வழித்துவிட்டுப் படியேறியபோது, வலது காலணியின் முனை ஒவ்வொரு படியிலும் இடித்தது. வலி துளியும் இல்லை. பாதத்தை மட்டும் மேலே தூக்க முடியவில்லை. பக்கவாதமோ என்று வீட்டில் பயந்தார்கள். முதுகில் டிஸ்க் நகர்ந்திருக்கும் என்றார் ஒரு நண்பர். இரண்டும் இல்லை, முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஒரு நரம்பு நசுங்கியிருந்தது. நான் மருத்துவன் அல்ல, கணினித் துறையில் இருப்பவன். அப்போது கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நரம்பின் பாதை

தொடையின் பின்புறமாக இறங்கும் சியாட்டிக் நரம்பு, முழங்காலுக்கு மேலே டிபியல், பெரோனியல் என்று இரண்டாகப் பிரிகிறது. (பெரோனியல் நரம்பை இப்போது ஃபிபுலர் நரம்பு என்றும் எழுதுகிறார்கள்.) பெரோனியல் நரம்பு முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஃபிபுலா எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு முன்னே வருகிறது. அந்த இடத்தில் தோலும் கொஞ்சம் கொழுப்பும்தான் அதற்குக் காவல். பிறகு அதன் ஆழ்கிளை பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளுக்கும், மேற்கிளை பாதத்தை வெளிப்புறம் திருப்பும் தசைகளுக்கும் போகின்றன. இந்த நரம்பு பழுதானால் பாதம் தொங்கும். 'ஃபுட் டிராப்' என்பது இதுதான்.

காரணங்கள்

கால்மேல் கால் போட்டு நெடுநேரம் உட்காருவது, குந்தியபடியே தோட்ட வேலையோ தரை வேலையோ செய்வது, முழங்காலுக்குக் கீழே இறுக்கமாகப் போட்ட மாவுக்கட்டு, படுத்த படுக்கையாகக் கிடப்பது, மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் நீண்ட அறுவை சிகிச்சையில் கால் ஒரே நிலையில் அழுந்துவது ஆகியவை அழுத்தத்தால் வருபவை. வேகமாக உடல் மெலிந்தால் நரம்பின் மேலிருக்கும் கொழுப்பு மெத்தை கரைந்து ஆபத்து கூடும். நான் சில மாதங்களில் பதினான்கு கிலோ குறைத்திருந்தேன்; கால்மேல் கால் போட்டுக்கொண்டு மடிக்கணினியில் பத்து மணிநேரம் வேலை செய்வதும் வழக்கம். இரண்டும் சேர்ந்துகொண்டன.

முழங்கால் மூட்டு விலகுதல், ஃபிபுலா முறிவு, நரம்புக்குள் வளரும் நீர்க்கட்டி ஆகியவையும் காரணமாகலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களின் நரம்பு சிறிய அழுத்தத்தையும் தாங்காது.

எப்படிக் கண்டறிகிறார்கள்?

கணினி வலையமைப்பு அறுந்தால் எந்த இடத்தில் என்பதைத்தான் முதலில் தேடுவோம். இங்கும் அதே கேள்விதான். முதுகில் ஐந்தாம் இடுப்பு நரம்பு வேர் நசுங்கினாலும் பாதம் தொங்கும். பாதத்தை உட்புறமாகத் திருப்பச் சொன்னால் இரண்டும் பிரிந்துவிடும். அந்த வேலையைச் செய்யும் தசைக்கு டிபியல் நரம்பு போகிறது. ஆகவே பெரோனியல் மட்டும் கெட்டவருக்கு உட்திருப்பும் பலம் குறையாது. வேர் கெட்டவருக்கு அதுவும் தளரும், தொடையைப் பக்கவாட்டில் விரிக்கும் பலமும் குறையும்.

மருத்துவர் ஃபிபுலாவின் கழுத்தில் தட்டியபோது என் பாதத்தின் மேற்புறம் வரை மின்னதிர்ச்சி போல ஓடியது. பிறகு நரம்புக் கடத்தல் சோதனையும் தசை மின்பதிவும் செய்தார்கள். அடைப்பு அந்த வளைவில்தான் என்பது உறுதியாயிற்று. தசை மின்பதிவில் மாற்றங்கள் தெளிவாகத் தெரிய இரண்டு மூன்று வாரங்களாகும். கட்டி இருக்கிறதா என்று பார்க்க அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ உதவும்.

முதுகு ஸ்கேனை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நடுவயதைக் கடந்த பலரின் முதுகிலும் டிஸ்க் வீக்கம் தெரியும். நோய் முழங்காலில் இருக்க, முதுகில் கத்தி வைப்பதில் பயனில்லை.

வேலூர் தந்த பாடம்

நம் நாட்டில் இந்த நரம்பைத் தாக்கும் முக்கியமான நோய் ஒன்று உண்டு: தொழுநோய். ஃபிபுலாவின் கழுத்தில் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது தொழுநோய்ப் பரிசோதனையின் ஒரு பகுதி. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் கை கால்களைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையை வளர்த்தார். 1955-ல் அருகிலுள்ள கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. தொங்கும் பாதத்துக்கு அங்கு செய்த அறுவை எளிய தர்க்கம் கொண்டது: டிபியல் நரம்பால் இயங்கும், கெடாத உட்திருப்புத் தசையின் தசைநாரை முன்புறம் கொண்டுவந்து பொருத்தி, அதையே பாதத்தைத் தூக்க வைப்பது. நோயைப் பிரித்தறிய உதவும் அதே தசை, சிகிச்சைக்கும் கைகொடுக்கிறது. தொழுநோயில் பலவீனம் தொடங்கி ஆறு மாதங்களுக்குள் வந்தால் ஸ்டீராய்டு மருந்தாலேயே நரம்பை மீட்க வாய்ப்பு உண்டு. தாமதமே ஊனமாக்குகிறது.

எப்போது அவசரம்?

முகம் கோணல், பேச்சுக் குழறல், கை தளர்ச்சி சேர்ந்து வந்தால் உடனே 911. சிறுநீர் கட்டுப்படாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, அடிபட்ட கால் தாங்கமுடியாத வலியோடு இறுகுவது ஆகியவையும் அவசரமே. இரு பாதங்களும் மெல்ல மெல்லத் தளர்ந்தால் வேறு நரம்பு நோய்களைத் தேட வேண்டும்.

அழுத்தத்தால் வந்தது பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும். இழை அறுந்திருந்தால் நரம்பு நாளொன்றுக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். எனக்கு நான்கு மாதங்கள் பிளாஸ்டிக் பாதத்தாங்கியும் உடற்பயிற்சியும் தேவைப்பட்டன. இப்போது படி இடிப்பதில்லை. கால்மேல் கால் போடுவதையும் விட்டுவிட்டேன்.