நீலப் பாக்கெட் சிகரெட்

முதலியார்பேட்டையில் ரோடியர் மில் சங்கு ஊதித்தான் எங்களுக்கு மணி தெரியும். மில்லுக்குப் போகிறவர்கள் பிடித்தது பீடி. சம்பள நாளில் சார்மினார் அல்லது கத்தரி மார்க். சொல்தா வீட்டுத் திண்ணையில் மட்டும் வேறு ஒரு நெடி அடிக்கும். கயிறு கருகியதுபோல, தெருமுனை வரை வரும். அதுதான் கோலுவாஸ்.

இளைய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோனிலும் அல்ஜீரியாவிலும் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைத்தான் நாங்கள் சொல்தா என்போம்.

கோலுவாஸ் 1910இல் பிறந்தது. நம்மூர்க் கம்பெனி சிகரெட்டுகள் போல ஒரு முதலாளி தயாரித்தது அல்ல. பிரான்சில் நெப்போலியன் காலத்திலிருந்து புகையிலை அரசாங்கத்தின் தனியுரிமை. இலையை வாங்குவது, சுருட்டுவது, விற்பது எல்லாம் சர்க்கார். பெயருக்கு 'கோல் நாட்டுப் பெண்கள்' என்று பொருள். கோல் என்பது பிரான்சின் பழைய பெயர். நீலத் தாளில் இறக்கை வைத்த போர்த்தொப்பி. நாங்கள் பார்த்த வடிவத்தை 1936இல் வரைந்தவர் மர்செல் ஜாக்னோ. 1959இல் வந்த ஆஸ்ட்ரிக்ஸ் சித்திரக்கதையின் குட்டி வீரன் தலையிலும் அதே மாதிரி இறக்கைத் தொப்பிதான். கறுப்புப் புகையிலை, ஃபில்டர் கிடையாது. பாடகர் கென்ஸ்பூர் விரும்பிப் பிடித்ததும் இதுதான் என்று சிலர் சொல்வார்கள். அது ழித்தான்; அதுவும் 1910, அதுவும் அதே சர்க்கார் சரக்கு.

சிப்பாய்களுக்கு ரேஷனாகக் கொடுப்பதற்கென்றே 'கோலுவாஸ் த்ரூப்' என்று தனிச் சிகரெட் உண்டு. ரொட்டி, சட்டை, சிகரெட் மூன்றும் பட்டாளமே கொடுத்தது. பதினெட்டு வயதில் புகை என்றால் என்னவென்று தெரியாமல் கப்பலேறிய பையன்கள் நாற்பதில் இருமிக்கொண்டு இறங்கியதை நான் வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

எங்களுக்கு அந்தத் தாள்தான் முக்கியம். சிகரெட் அட்டை வைத்து ஆடும் ஆட்டத்தில் சார்மினார் கீழே, கத்தரி அதற்கு மேலே. நீலப் பாக்கெட் வெறும் தாள், அட்டையே இல்லை. ஆனாலும் அதற்கு ஈடாகப் பத்து சார்மினார் கேட்போம், கிடைக்கும். சொல்தா தாத்தா குப்பையில் எறியும் வரை காத்திருந்த பையன்களில் நானும் ஒருவன்.

1991இல் பிரான்ஸ் புகையிலை விளம்பரத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 1996இல் எழுத்தாளர் மால்ரோவுக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். தெ கோல் ஆட்சியில் பண்பாட்டு அமைச்சராக இருந்தவர். 1935இல் ழிசேல் ஃப்ராயிண்ட் எடுத்த புகழ்பெற்ற படம் அது. அதில் அவர் உதட்டில் சிகரெட் தொங்கும். தபால்தலையில் அதை அழித்துவிட்டார்கள். தலைமயிர் காற்றில் பறக்கிறது, வாய் மட்டும் வெறுமையாக இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தானே சுருட்டி விற்ற சர்க்கார், சிப்பாய்க்கு இனாமாகவும் கொடுத்த சர்க்கார், செத்துப்போனவர் வாயிலிருந்து பிடுங்கியது எனக்கு இன்றும் வேடிக்கைதான். எங்கள் தெரு சொல்தாக்கள் நெஞ்சிலிருந்து அதை யாரால் அழிக்க முடியும்?

சர்க்கார் கம்பெனி 1995இல் தனியாருக்குப் போனது. 2005இல் லீல் நகரத் தொழிற்சாலையை மூடி, கோலுவாஸ் தயாரிப்பை ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார்கள். 2017 முதல் பிரான்சில் எல்லா சிகரெட்டுக்கும் ஒரே மங்கிய நிறப் பாக்கெட்தான். நீலமும் இல்லை, இறக்கைத் தொப்பியும் இல்லை.