மூஞ்சூறின் ஊர்

வேலூர்க் கிளையில் வேலை பார்த்த இரண்டு வருஷமும் தோட்டப்பாளையத்தில் ஒரு மாடியறையில் குடியிருந்தேன். ராத்திரிகளில் சுவரோரமாகக் கீச்சிட்டுக்கொண்டு ஓடும் மூஞ்சூறை வீட்டுக்கார அம்மாள் அடிக்க விடமாட்டார். பிள்ளையார் வாகனம். அதன் நாற்றத்தைத் தவிர எனக்கும் அதன்மேல் வேறு புகார் இருந்ததில்லை. மாற்றலாகிப் போய் வெகுநாள் கழித்து, ஹன்டா வைரஸ்களைப் பற்றி எதையோ படித்துக்கொண்டிருந்தபோது அந்த ஊர்ப்பெயர் எதிர்ப்பட்டது. 1964ல், ஜப்பானிய மூளைக்காய்ச்சலைத் தேடி வந்தவர்கள் தோட்டப்பாளையத்தில் பிடித்த ஒரு மூஞ்சூறில் இன்னதென்று பிடிபடாத வைரஸ் ஒன்று கிடைத்திருக்கிறது. 1971ல் அதைப் பற்றி எழுதியவர்கள், பூச்சிகள் பரப்பும் வகையாக இருக்கலாம் என்ற உத்தேசத்தோடு, ஊர்ப்பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்.

ஆனால் இந்தக் குடும்பத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கொரியாவில்தான் தொடங்குவார்கள். 1951க்கும் 1953க்கும் இடையில் அங்கே போரிட்ட ஐ.நா. படையினரில் மூவாயிரம் பேருக்கு மேல் காய்ச்சலில் விழுந்தார்கள். ரத்தம் கசிந்தது, சிறுநீரகம் நின்றது. காரணம் தெரியக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1976ல் லீ ஹோ வாங், முதுகில் கறுப்புக் கோடுள்ள வயல் எலியின் நுரையீரலில் அதைக் கண்டார். ஹன்டான் என்ற ஆற்றின் பெயர் அதற்கு வந்தது. எலிக்கு ஒரு கேடும் இல்லை. ஆயுசு முழுக்கச் சுமந்துகொண்டு திரியும். அதன் மூத்திரமும் புழுக்கையும் காய்ந்து தூசியாகி, அந்தத் தூசியை மூச்சில் இழுப்பவன்தான் படுக்கிறான். பழைய வவுச்சர் கட்டுகளுக்கிடையில் எலிப்புழுக்கையை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்குகிற எங்கள் பதிவறையை நினைத்துக்கொண்டேன். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றியதில்லை, என்னையும் சேர்த்து.

கொரியாவுக்கும் முந்தின அத்தியாயம் ஒன்று உண்டு. அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. 1930களின் கடைசியில் மஞ்சூரியாவிலிருந்த ஜப்பானியச் சிப்பாய்களை இதே காய்ச்சல் பிடித்தது. பிரிவு 731ன் மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 1942ல் அதன் தலைமைக்கு வந்த கிட்டானோவும் கசஹாராவும் வெளியிட்ட கட்டுரைகளில், வயல் எலிமேல் இருந்த உண்ணிகளை அரைத்துக் 'குரங்கு'க்கு ஊசிபோட்டதாக இருக்கிறது. குரங்கு என்று அச்சான இடத்தில் இருந்தவர்கள் மனிதர்கள். கைதிகள்.

நன்னூல் படித்த நாம் பெயரை இடுகுறி, காரணம் என்று பிரிப்போம். இது எதில் சேரும்? இங்கிலீஷ் இலக்கியம் படித்த மூன்று வருஷத்தில், ஒன்றைக் காட்ட இன்னொன்றைச் சொல்வது உருவகம் என்று கற்றேன். கொன்றதை மறைக்கவும் அதே காரியத்தைச் செய்யலாம் என்று யாரும் சொல்லித்தரவில்லை. கவிதைச் சொல்லுக்குச் சொல்லைத் தவிர வேறு பொறுப்பில்லை என்ற தோரணையில் இந்தப் பத்திரிகையிலேயே நான் எழுதியிருக்கிறேன். அந்த வரிகளை இன்று எழுதமாட்டேன்.

1993 மே மாதம், அமெரிக்காவில் அரிசோனா, நியூ மெக்ஸிகோ, கொலராடோ, உட்டா நான்கும் சந்திக்கும் பிரதேசத்தில், திடகாத்திரமான இளைஞர்கள் நுரையீரலில் நீர் கோத்துச் சில நாளில் செத்தார்கள். இறந்தவர்களில் நவஹோக்கள் அல்லாதவர்களும் இருந்தார்கள். பத்திரிகைகள் அதற்கு இட்ட பெயர் 'நவஹோ ஃப்ளூ'. நவஹோ என்றாலே ஆட்கள் ஒதுங்கினார்கள். சில வாரங்களுக்குள் ஹன்டா குடும்பம்தான் என்றும், மான் எலி என்று அங்கே சொல்லப்படுவதுதான் சுமக்கிறது என்றும் தெரிந்துபோயிற்று. நவஹோ முதியவர்கள் அதற்கு முன்பே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: மழையும் பனியும் மிகுந்தால் பின்யோன் கொட்டை மிகும், கொட்டை மிகுந்தால் எலி மிகும், எலி மிகுந்தால் சாவு. 1918ஐயும் 1933ஐயும் அப்படி எண்ணிச் சொன்னார்கள். எலியை வீட்டுக்குள் அண்டவிடக் கூடாது, அது தொட்ட துணியை எரித்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய பழைய ஆசாரம். விஞ்ஞானிகள் பிற்பாடு கேட்டுக்கொண்டது ஏறக்குறைய அதுதான்.

வைரஸுக்கு இடத்தின் பெயரை வைக்கப் பார்த்தபோது அங்குள்ளவர்கள் ஒப்பவில்லை. அடுத்து வந்த மூயெர்ட்டோ பள்ளத்தாக்கு என்ற பெயரும் நிற்கவில்லை. 1805ல் ஸ்பானியர்கள் நவஹோக்களைக் கொன்று குவித்த இடம் அது. கடைசியில் 'சின் நோம்ப்ரே' என்று வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் அதற்குப் பொருள், பெயரில்லாதது. பத்திரிகை இட்ட பெயர் அதற்குள் ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

தோட்டப்பாளையத்து வைரஸும் ஹன்டா குடும்பம்தான் என்பது 1980களின் கடைசியில் தெரியவந்தது. கொரிய எலிக்குப் பன்னிரண்டு வருஷம் முந்தியது என்று மார்தட்ட ஒன்றுமில்லை. கையிலிருந்தது இன்னதென்று கையில் வைத்திருந்தவர்களுக்கே தெரியாது. தவிர, மூஞ்சூறு எலியே இல்லை, பூச்சி தின்னும் வேறு ஜாதி. அதன் வைரஸ் மனிதரைப் படுக்கப்போட்டதற்கு உறுதியான சான்றும் இல்லை. கொரியாவில் இம்ஜின் ஆற்றோரம் பிடித்த வேறொரு மூஞ்சூறின் வைரஸையும் இதையும் இப்போது ஒரே பேரினமாக்கி, இரண்டு இடப்பெயர்களையும் ஒட்டித் 'தோட்டிம்' என்று வைத்திருக்கிறார்கள். ஹன்டான் ஆறு போய்க் கலப்பது இம்ஜினில்தான்.

வீட்டுக்கார அம்மாளிடம் போனில் இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு, மூஞ்சூறு இப்போதும் வருகிறதா என்று கேட்டேன். பொந்துகளை சிமெண்டு வைத்து அடைத்துவிட்டதாகச் சொன்னார், தப்புச் செய்துவிட்டவர் மாதிரி.