உப்பளத்துச் சிற்றுயிரும் உறைபனியும்

தூத்துக்குடிக்கு வடக்கே மாப்பிள்ளையூரணியைத் தாண்டிக் கடலை நோக்கிப் பரந்து கிடக்கும் உப்பளங்களைப் பற்றி எழுதியவர்கள் அனைவரும் உப்பைப் பற்றியே எழுதினார்கள். 1805-ஆம் ஆண்டில் சென்னை ராஜதானியின் உப்பைக் கிழக்கிந்தியக் கும்பெனியார் தங்கள் ஏகபோகமாக்கிக் கொண்டது முதல், 1930-இல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு யாத்திரை போய் உப்பு அள்ளியதும் 1947-இல் உப்பு வரி நீங்கியதும் வரையில் அந்த வெள்ளை மணிகளுக்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. அதே பாத்திகளில் பிறந்து, அதே வெயிலில் காய்ந்து, உலகிலுள்ள கடுங்குளிர் எதற்கும் அசையாத ஆற்றலைப் பெற்ற ஒரு சிற்றுயிரின் சரித்திரமோ விஞ்ஞானிகளின் ஏடுகளோடு நின்றுவிட்டது.

ஆர்ட்டீமியா என்பது அதன் சாஸ்திரப் பெயர். இறாலுக்குத் தூரத்து உறவு. அரை அங்குலத்துக்கும் குறைந்த உடல், கண்ணாடி போன்ற மேனி, பதினொரு ஜதைக் கால்கள், மல்லாந்தபடியே நீந்தும். மீன்கள் பிழைக்க முடியாத அளவுக்கு உப்பேறிய நீரில் வாழ்வதால் அதற்குப் பகைவர் குறைவு. நீரிலுள்ள நுண்பாசியைத் தின்று பாத்தியைத் தெளிவாக்கி நல்ல உப்பு விளைவதற்கும் அது துணை செய்கிறது. தூத்துக்குடியின் நாட்டு இனத்தில் ஆண் கிடையாது; பெண்ணே தனித்து வம்சத்தைப் பெருக்குகிறது. நீர் இதமாக இருக்கும் காலத்தில் உயிருள்ள குஞ்சுகளை ஈனும் இப்பிராணி, கோடை முற்றி நீர் மிகவும் கெட்டியாகிவிட்டால், கருவைச் சுற்றித் தடித்த ஓடு கட்டி, அதை முட்டையாக வெளியிட்டுவிடுகிறது. அம்முட்டைகள் மிதந்து, காற்று தள்ளிச் சேர்க்கும் வரப்போரத்தில், காப்பிப் பொடி தூவினாற்போலப் பழுப்புப் படலமாக ஒதுங்கிக் காயும். ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு அளவேயுள்ள அந்த மணிகளை விரலில் தொட்டெடுத்து உதிர்ப்பவர், தூசியென்றே நினைப்பார்.

இந்தத் தூசியைப் பனிக்கட்டிக்குள் வைத்தால் என்ன ஆகும்? நீந்தித் திரியும் ஆர்ட்டீமியாவை உறைய வைத்தால் அது மடிந்துவிடும். உடலிலுள்ள நீர் கூரிய பனிப் படிகங்களாகி உயிரணுக்களைக் கிழித்துவிடுவதே காரணம். காய்ந்த முட்டையிலோ படிகமாவதற்கு வேண்டிய நீர் இல்லை. நீர் விலகிய இடத்தை டிரெஹலோஸ் என்னும் ஒருவகைச் சர்க்கரை நிரப்பி, உள்ளிருக்கும் நுட்பமான அமைப்புகள் குலையாதபடி கண்ணாடி போல் இறுகி அவற்றைத் தாங்கி நிற்கிறது. வெயிலைத் தாங்குவதற்காக ஏற்பட்ட இந்த ஏற்பாடே குளிரையும் தாங்குகிறது என்பதுதான் இங்கு என் மனத்தைப் பெரிதும் கவர்வது: பனியைக் கனவிலும் காணாத ஒரு கடற்கரையின் அக்கினி வெயில், தன் பிள்ளையைத் துருவக் குளிருக்கும் ஆயத்தம் செய்து அனுப்பியிருக்கிறது.

இவ்வுண்மையை மனிதன் அறிய வெகுகாலம் ஆயிற்று. 1702-இல் ஹாலந்து தேசத்து லீவன்ஹூக், கூரைக் குழாயில் காய்ந்து கிடந்த புழுதியில் நீர் விட்டபோது அதிலிருந்த நுண்ணுயிர்கள் எழுந்து நடமாடக் கண்டார். 1755-இல் ஷ்லோசர் என்பவர் இங்கிலாந்தின் லிமிங்டன் உப்பளத்தில் ஆர்ட்டீமியாவைக் கண்டு வர்ணித்தார். பின்னர், 1964-இல், ஸ்கூல்ச்சி, மோரோவிட்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் இம்முட்டைகளை ஏறத்தாழ மைனஸ் 271 டிகிரி செல்சியஸ் குளிரில் ஆறு நாள் வைத்திருந்து எடுத்தார்கள். ஏறத்தாழ எல்லா அசைவும் ஓய்ந்துவிடும் குளிர் அது. ஆயினும் உப்புநீரில் இட்டதும் குஞ்சுகள் பொரிந்தன. 1972-இல் அப்பல்லோ 16 விண்கலத்தில் ஏறி இம்முட்டைகள் சந்திரன் வரையில் போய் வந்தன.

இன்னும் வியப்பானதொன்று உண்டு. நன்றாக உறங்கும் சில இனத்து முட்டைகள் தக்க நீரில் இட்டாலும் பொரிவதில்லை. அவற்றை உப்புநீரோடு சேர்த்து மைனஸ் 20 டிகிரிக் குளிரில் சில வாரம் உறைய வைத்தால் அவை விழித்தெழத் தயாராகின்றன! குளிர் இங்கே கொல்வதற்குப் பதிலாக எழுப்புகிறது.

1930-களில் மீன் குஞ்சுகளுக்கு இப்பிராணியின் குஞ்சு உத்தமமான ஆகாரம் என்று கலிபோர்னியாவில் சீலும் நார்வேயில் ராலஃப்சனும் கண்டபின் முட்டைக்கு விலை வந்தது. டப்பாவில் அடைத்த முட்டைகள் உலகெங்கும் இறால் குஞ்சுப் பண்ணைகளுக்குப் பயணமாயின. தூத்துக்குடியில் 1977-இல் மீன்வளக் கல்லூரி தோன்றியபின், கடலோரத்துப் பிள்ளைகளும் இதனைப் பாடமாகவே படிக்கலானார்கள். ஆயினும் டப்பாவில் வந்த அமெரிக்க இனம் நம் உப்பளங்களிலும் புகுந்து பெருகி, பல இடங்களில் ஆணில்லாத நாட்டு இனத்தை விரட்டிவிட்டதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இது எனக்கு மிகுந்த வேதனை அளிக்கிறது. பல தலைமுறைக் கோடைகளைக் கடந்து வந்த வம்சம் அது. நாட்டு முட்டை எஞ்சியிருக்கும் பாத்திகளிலிருந்து இரண்டொரு கைப்பிடி சேகரித்து, உலர்த்தி, காற்றுப் புகாத சீசாவில் அடைத்துக் குளிரில் வைத்தாலே போதும். காவலுக்கு வேண்டிய ஆற்றல் அம்முட்டையிடமே இருக்கிறது.